பாண்கடை முத்திரை குத்தின மீன்பிடிச் சான்றிதழ்

1

பாரிசுக்குப் பக்கத்திலை, பொண்டியிலை இருக்கிற எங்கடை வீட்டுக்கு வாற ஆக்கள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வந்தால் முதல் பாக்கிறது சாமிப் படத்தை இல்லை. அதுக்குப் பக்கத்திலை தொங்கிற என்ரை படத்தைத்தான். நெஞ்சு வரைக்கும் றப்பர் காற்சட்டை, தலையிலை ஆரோ ஒருத்தியின்ரை தொப்பி, உடம்பெல்லாம் ஈரம், இடது காதுச் சோணையிலை ஒரு சின்ன இறகு. முகத்திலை மட்டும் ஊரை வெண்ட மாதிரிப் பெருமை.

"இதென்ன அண்ணை, நாடகமோ?" எண்டு கேப்பினம்.

மனுசி வசந்தி தேத்தண்ணியை வைச்சுப்போட்டு, "ஓம், நாடகம்தான். இவர் கதாநாயகன், மீன் கதாநாயகி" எண்டு சொல்லிக்கொண்டு குசினிக்குப் போயிடுவாள்.

அந்தப் படம் எடுத்து இந்த வைகாசியோடை ரண்டு வருசம். உங்கை ஊரிலை, அளவெட்டியிலை, நான் பிரான்சிலை போட் வாங்கி மீன்பிடித் தொழில் நடத்திறன் எண்டு ஒரு கதை உலாவுதாம். சந்தையிலை ஆரோ எங்கடை சொந்தக்காரரிட்டைக் கேட்டிருக்கினம். அதுதான் ஒருக்கா முழுசாச் சொல்லிவிடுறன். போட் இல்லை. தொழில் இல்லை. வாழ்க்கையிலை நான் பிடிச்சது ஒரேயொரு மீன். அதையும் விட்டிட்டன்.

2

நான் பாரிசிலை எங்கடை ஆக்களின்ரை கடைத்தெரு லாசப்பலிலை, மரக்கறியும் மீனும் விக்கிற ஒரு கடையிலை வேலை. காலமை முருங்கைக்காய்ப் பெட்டி உடைக்கிறதிலை தொடங்கி, பின்னேரம் வாழைப்பூ வாடிப்போச்சு எண்டு சண்டைக்கு வாற ஆக்களைச் சமாளிக்கிறது வரைக்கும் என்ரை பொறுப்பு. மனுசியும் மகளும் எப்பவோ பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்திட்டினம். நான் மட்டும் அகதி அட்டையோடை இருந்தன். வேலையாலை நேரமில்லை எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சன். உண்மை என்னெண்டால், ஒரு ஒபிசருக்கு முன்னாலை கதிரையிலை இருந்து பிரெஞ்சு கதைக்கப் பயம். வெண்டிக்காய் விலை சொல்லுற அளவுக்குத்தான் என்ரை பிரெஞ்சு.

அகதிக்குக் குடுக்கிற பயணப் புத்தகத்தோடை லண்டனுக்குப் போறதெண்டால் தனியா விசா எடுக்க வேணும். ஒருக்கா மச்சாளின்ரை மகளின்ரை கலியாணத்துக்குப் போக விசாவுக்குப் போட்டன். பத்திரம் ஒண்டு குறைய, அதை அனுப்ப, இன்னொண்டு குறைய, கடைசியா விசா வரேக்கை அந்தப் பிள்ளை பிள்ளையும் பெத்து முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவும் முடிஞ்சுது. அதுக்குப் பிறகு லண்டனிலை என்ன விசேஷம் எண்டாலும், மனுசியும் மகளும் சீலை நகையோடை கார்-து-நோர் ஸ்ரேஷனிலை ரயில் ஏறுவினம். நான் வாசலிலை நிண்டு கை காட்டிப்போட்டு வீட்டை வந்து, பிரிஜ்ஜிலை வைச்ச கறியைச் சூடாக்கிச் சாப்பிடுவன்.

இது பழகிப் போச்சு. பழகாதது என்னெண்டால், மகள் அபிரா ஒருநாள் வந்து நிரோஷன் எண்டு ஒரு லண்டன் பெடியனைச் சொன்னாள். நல்ல பெடியன், குறை சொல்ல ஒண்டுமில்லை, லண்டனிலை இருக்கிறான் எண்ட ஒண்டைத் தவிர. மாப்பிள்ளை பகுதி பெரிய பகுதி. அடுத்த ஆவணிக்கு அங்கை மண்டபமும் எடுத்திட்டினம்.

மகளைத் தாரை வார்த்துக் குடுக்க வேண்டிய தேப்பன் நான். நான் போக ஏலாட்டி ஆர் குடுக்கிறது?

என்ரை தம்பி குகன் லண்டனிலைதான். கேள்விப்பட்ட அண்டைக்கே போன் எடுத்தான். "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. விசா பிரச்சினை எண்டால் நான் நிண்டு குடுக்கிறன். பட்டு வேட்டியும் எடுத்திட்டன்."

சின்னனிலை உவன் என்ரை புதுச் சைக்கிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் மதகாலை விழுத்தினவன். சில்லு மட்டும்தான் திரும்பி வந்தது. உவனை நம்பிச் சைக்கிளைக் குடுத்ததே பிழை, பிள்ளையைக் குடுக்கவோ.

3

குடியுரிமைக்கு நான் அதுக்கு முதல் ஒருக்கா துணிஞ்சு போட்டுப் பாத்தனான். நேர்முகத்துக்குக் கூப்பிட்டினம். அண்டைக்கு இருந்த அம்மா நல்ல மனுசி. சிரிச்ச முகம். ஆறுதலாத்தான் கேட்டா.

"ஓய்வு நேரத்திலை என்ன செய்வீங்கள்?"

"நித்திரை."

"பிரெஞ்சு நண்பர்கள் இருக்கினமோ?"

யோசிச்சுப் பாத்தன். "எங்கடை பல்லு டொக்டர்."

"பிரான்சிலை ஓடுற சில ஆறுகளைச் சொல்லுங்கோ."

"சேன்" எண்டன், பாரிசுக்குள்ளாலை ஓடுறது. பிறகு ஒண்டும் வரேல்லை. பாரிசிலை ஸ்டாலின்கிராட் எண்ட இடத்திலை கடைக்குச் சாமான் எடுக்கப் போகேக்கை பாக்கிற தண்ணி ஞாபகம் வந்தது. அதைச் சொன்னன். அது ஆறு இல்லை, வெட்டின கால்வாய். அது ஓடுறதுமில்லை. அந்த அம்மாவிலை ஒரு பிழையுமில்லை. நான் கால்வாயை ஆறெண்டு சொன்னால் அவ என்ன செய்யிறது. "ரண்டு வருசம் கழிச்சு, இந்த நாட்டோடை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு திரும்பி வாங்கோ" எண்டு கடிதம் வந்தது.

அந்த ரண்டு வருசம் முடியிற நேரத்திலைதான் இந்தக் கலியாணக் கதை. எங்கடை கடைக்குச் சனிக்கிழமையளிலை முருங்கைக்கீரை வாங்க வாற அந்துவான் ஐயாவிட்டை என்ரை கவலையைச் சொன்னன். அவர் பாண்டிச்சேரிக்காரர். பரம்பரையாப் பிரெஞ்சுக் குடிமகன், அரசாங்க வேலையிலை இருந்து பென்சன் எடுத்தவர். பிரான்சைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒண்டுமில்லை எண்டு அவரே சொல்லுவார்.

"இங்க பாருப்பா சிவா," எண்டார், கீரைக்கட்டை மணந்து பாத்துக்கொண்டு. "ஃபிரான்சுக்காரன்னா யாரு? பாஸ்போர்ட் வெச்சிருக்கறவனா? கெடையாது. ஞாயித்துக்கெழம ஆனா ஒண்ணுத்துக்கும் ஒதவாத ஒரு வேலைய எடுத்து ரொம்ப மும்முரமா செய்யறவன். காளான் பொறுக்குவான், சைக்கிள் மிதிப்பான், மீன் புடிப்பான். அதுக்கு ஒரு சங்கம் வைப்பான், அட்டை போடுவான். நீ மீன் புடி. உங்க ஊரு கடலோரந்தான?"

"இல்லை ஐயா. நாங்கள் வெங்காயம்."

"சிலோன்னா மீன்னு அவங்களே நெனச்சுக்குவாங்க. ஆனா புழு வெச்சுப் புடிக்காத. மூஷ் வெச்சுப் புடி. அதான் தொரமாரு புடிக்கற மீனு."

மூஷ் எண்டால் ஈ. தூண்டில் ஊசியிலை இறகையும் நூலையும் சுத்தி ஈ மாதிரியே செய்து, அதைத் தண்ணிக்கு மேலை எறிஞ்சு மீனை ஏமாத்திறது. ஒரு ஈயைக் காட்டி மீனை ஏமாத்த, அதை வைச்சு நான் ஒபிசரை ஏமாத்திறதோ எண்டு யோசிச்சன். கீரைக்குக் காசைக் குடுத்துப்போட்டு வாசலிலை நிண்டு திரும்பி ஐயா இன்னொண்டும் சொன்னார்.

"எது செஞ்சாலும் ஒரு அட்டெஸ்தாசியோன், அதான் அத்தாட்சி, எழுதி வாங்கிக்க. முத்திரையோட. முத்திரை இல்லன்னா நீ பண்ணது நடக்கவே இல்லன்னு அர்த்தம்."

4

அபிராதான் இன்ரர்நெற்றிலை தேடிப் பிடிச்சாள். பாரிசிலையிருந்து ரயிலிலை ஒண்டரை மணித்தியாலம். வழிகாட்டி ஒருத்தி கூட்டிக்கொண்டு போவா. காலமை ஆத்திலை ட்ரௌட் மீன், மத்தியானத்துக்குப் பிறகு குளத்திலை பாஸ் மீன். புதுசாப் பழகிற ஆக்களுக்கும் சொல்லிக்குடுப்பினமாம்.

"பப்பா, செ நம்போர்த் குவா" எண்டு சொல்லிக்கொண்டுதான் பதிஞ்சாள். விசர் வேலை எண்டு அர்த்தம். எங்கடை வீட்டிலை நான் தமிழிலை கேப்பன், அவள் பிரெஞ்சிலை பதில் சொல்லுவாள். சண்டையும் அப்பிடித்தான், ரண்டு பாஷையிலை. இப்ப அவளுக்கு வேலை, நிரோஷன், போன். நானும் அவளும் மட்டும் தனியாக் கடைசியா ஒரு இடத்துக்குப் போனது பல்லுக்குக் கம்பி போடத்தான். அந்தப் பல்லு டொக்டர்தான் பேந்து என்ரை பிரெஞ்சு நண்பர் ஆனவர்.

"நீ வர வேண்டாம் பிள்ளை, உனக்கு ஏன் சிரமம்" எண்டன். என்ரை பிரெஞ்சை நம்பி என்னைத் தண்ணிக்கை விட ஏலாதாம். தானும் வாறாளாம்.

மீன் பிடிக்கிறதுக்கு உரிமம் வேணும். அதையும் எடுத்தாள். என்ரை பேர் போட்ட ஒரு மீன்பிடி அட்டை. பிரான்சிலை ஒரு கேள்வியும் கேக்காமல் எனக்குத் தந்த முதல் அட்டை அதுதான். இரவு படுக்கப் போகேக்கையும் எடுத்துப் பாத்தன்.

உண்மையைச் சொன்னால், ஆறெண்டால் என்னெண்டே எனக்குச் சரியாத் தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஆறு வழுக்கையாறு. மாரியிலை தண்ணி ஓடும், மிச்ச நாளிலை நாங்கள் அதுக்குள்ளை கிரிக்கெட் விளையாடுவம். மீனெண்டால் ஊரிலை சைக்கிளிலை வந்து ஹோர்ன் அடிக்கிற சாமான், கடையிலை ஐஸிலை கிடக்கிற சாமான். இதுதான் என்ரை அனுபவம்.

வசந்திக்கு இந்த விளக்கம் ஒண்டும் தேவைப்படேல்லை. மனுசன் மீனுக்குப் போறான், அவ்வளவுதான். ஐஸ் பெட்டி ஒண்டை எடுத்து அதுக்குள்ளை மஞ்சளும் உப்பும் ஒரு பையிலை கட்டி வைச்சாள். "பிடிச்ச உடனை செதில் சுரண்டி இதைப் பிரட்டி வையுங்கோ. இல்லாட்டி வெடில் அடிக்கும். நான் புளி கரைச்சு வைக்கிறன்." பக்கத்து வீட்டுக்கும் சொல்லிப்போட்டாள்.

5

நாங்கள் ரயிலாலை இறங்கின ஜிசோர் ஸ்ரேஷனிலை சேறு பூசின வான் ஒண்டோடை வழிகாட்டி நிண்டா. பேர் மனோன். முப்பது வயதிருக்கும், சின்ன உருவம். என்னைப் பாத்தா, ஐஸ் பெட்டியையும் பாத்தா. ஆத்தங்கரைக்குக் கொண்டுபோய் எனக்கொரு றப்பர் காற்சட்டை தந்தா. சப்பாத்தும் காற்சட்டையும் ஒண்டாய்ச் சேந்தது, நெஞ்சு வரைக்கும் இழுத்துத் தோளிலை பட்டி போடுறது. அதுக்குள்ளை இறங்கவே எனக்கு அரை மணித்தியாலம் பிடிச்சுது. அபிரா ரண்டு நிமிசத்திலை போட்டிட்டுப் போன் பாத்துக்கொண்டு நிண்டாள்.

ஆறெண்டு பாத்தால் எங்கடை ஒழுங்கை அகலம்தான். ரண்டு பக்கமும் பத்தை, அங்காலை மாடுகள். தண்ணி மட்டும் கண்ணாடி மாதிரி. குளிர் காற்சட்டைக்கு மேலாலையும் கடிச்சுது.

தூண்டில் எறியிறது லேசில்லை. தடியைப் பின்னுக்கு வீச வேணும், நூல் பின்னுக்குப் போய் நீளுமட்டும் பொறுக்க வேணும், பிறகு முன்னுக்கு வீச வேணும். சரியான நேரம் பாத்து மற்றக் கையிலை பிடிச்சிருக்கிற நூலை விட வேணும். அப்பத்தான் ஈ பறந்து போய்த் தண்ணியிலை இருக்கும். மனோன் பக்கத்திலை நிண்டு "லாஷ்" எண்டு சொல்லுவா. லாஷ் எண்டால் விடு. நான் விடமாட்டன்.

"லாஷ், மிசியே சிவா. லாஷ்."

விடுறதெண்டுதான் நினைக்கிறன், கை விடுதில்லை. முப்பது வருசம் ரண்டாம் நம்பர் மெட்ரோவிலை கம்பியைப் பிடிச்சுப் பழகின கை. விட்டால் ஆரின்ரையோ மடியிலை போய் இருப்பம் எண்ட பயம் அதுக்கு.

முதல் எறிஞ்சதுக்கு ஒரு முள்ளுமரத்தைப் பிடிச்சன். மனோன் ஏறி எடுத்துத் தந்தா. ரண்டாவது மனோனின்ரை தொப்பி. அவ சிரிச்சுக்கொண்டு கழட்டி எடுத்தா. அடுத்தது மாடு ஒண்டு அருந்தப்பிலை தப்பிச்சுது. அதுக்குப் பிறகு மாடுகள் எல்லாம் தூரப்போய் நிண்டு பாத்துக்கொண்டு நிண்டுதுகள்.

நாலாவது தரம் பின்னுக்கு வீசினன், முன்னுக்கு வீசினன். இடது காதிலை சுள்ளெண்டு ஒண்டு. தொட்டுப் பாத்தால், ஊசி காதுச் சோணையிலை. சின்னனிலை எனக்குக் காது குத்தினவை, பேந்து அந்தத் துவாரம் தூந்து போச்சு. ஊசி தேடிக்கொண்டு போய் அதே இடத்திலைதான் ஏறியிருக்கு. நீலமும் மண்ணிறமும் கலந்த இறகு காதிலை தோடு மாதிரி ஆடுது.

மனோன் பயந்து ஓடி வந்தா. அபிரா முதல் பயந்தாள், பிறகு வடிவாப் பாத்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சும்மா சிரிப்பில்லை. நிக்க ஏலாமல் கரையிலை குந்தி, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சாள். சிரிப்புக்கு நடுவிலை என்னவோ சொல்லப் பாத்தாள், வரேல்லை. பிள்ளை அப்பிடிச் சிரிச்சு நான் கண்டு எத்தினை காலம். எனக்குக் காது நொந்தது, ஆனால் கழட்ட மனம் வரேல்லை.

ஊசி நுனியிலை பின்பக்கம் கொழுவுற முள்ளில்லையாம், இழுத்தால் உடனை வரும் எண்டா மனோன். மீனுக்கு நோகக்கூடாது எண்டு முள்ளை நசுக்கித்தான் வைக்கிறதாம்.

"இருக்கட்டும், முதல் படம் எடுங்கோ" எண்டன். அந்துவான் ஐயா சொன்னவரெல்லோ, ஆதாரம் வேணும். மனோன் ஊசியிலையிருந்து நூலை வெட்டிவிட்டு, மற்றக் காதைக் காப்பாத்தத் தன்ரை தொப்பியைக் கழட்டி என்ரை தலையிலை கவிட்டா. படத்துக்கு எடுப்பா நிப்பமெண்டு ஒரு அடி பின்னுக்கு வைச்சன். அங்கை நிலம் இல்லை.

சுவரிலை தொங்கிற படம் நான் தண்ணியாலை எழும்பி வந்த உடனை எடுத்தது.

6

மனோன் காதிலையிருந்து ஊசியைக் கழட்டி, மருந்து பூசி, வேறை ஈயொண்டு கட்டித் தந்தா. பிறகு நான் எறியிறதையே விட்டிட்டன். நூலைத் தண்ணியிலை விட்டிட்டு அபிராவோடை கதைச்சுக்கொண்டு நிண்டன். கலியாணத்துக்குச் சோறோ புரியாணியோ எண்டு. அவள் பிரெஞ்சிலை புரியாணி எண்டாள். நான் தமிழிலை சோறு எண்டன். அப்பதான் தடி வளைஞ்சுது.

எப்பிடிக் கரைக்குக் கிட்டக் கொண்டு வந்தன் எண்டு எனக்குத் தெரியாது. மனோன் சொல்லச் சொல்லச் செய்தன். அவ பிடிச்ச வலைக்குள்ளை பாத்தால் ஒரு முழங்கூட இல்லை, ஆனால் உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டு. இவ்வளவு வடிவான மீனை நான் கடையிலை கண்டதில்லை.

"கையை நனையுங்கோ" எண்டா மனோன். "காய்ஞ்ச கையாலை தொட்டால் அதின்ரை தோல் பழுதாப் போகும். இறுக்கிப் பிடியாதேங்கோ, கீழாலை தாங்கினால் போதும். தண்ணி வாற பக்கத்துக்குத் தலையை வைச்சுக்கொண்டு நில்லுங்கோ. களைப்பு ஆறினால் அது தானே போகும்."

"போறதோ? எங்கை போறது?" எண்டு அபிராவைக் கேட்டன். "கொம்மா புளி கரைச்சு வைச்சிருக்கிறா எண்டு சொல்லு."

அபிரா சொன்னாள். மனோன் ஐஸ் பெட்டியைப் பாத்து, இப்பதான் அது என்னத்துக்கெண்டு விளங்கினமாதிரித் தலையாட்டினா. இந்த ஆத்திலை பிடிக்கிறதெல்லாத்தையும் விட வேணுமாம். சட்டம்.

"அப்ப என்னத்துக்குப் பிடிக்கிறது?"

"மீன்தான் வேணுமெண்டால் கடைக்குப் போகலாமே" எண்டா மனோன். அந்தக் கடையிலை வேலை செய்யிற ஆளிட்டைச் சொல்லுறா.

மீன் என்ரை கையிலை கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடிச்சுது. நெஞ்சடிக்கிறது உள்ளங்கையிலை தெரிஞ்சுது. நான் விடாமல் நிண்டன். பிடிச்சது பிடிச்சதுதானே, ஒருக்காவெண்டாலும் வசந்திக்குக் காட்ட வேண்டாமோ.

"லாஷ், மிசியே சிவா."

"பப்பா," எண்டாள் அபிரா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "லாஷ்."

விரலைத் தளத்தினன். அது உடனை போகேல்லை. கை திறந்து கிடக்கவும் கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்துது. பிறகு வாலை ஒருக்கா ஆட்டிப்போட்டுப் போயிட்டுது. சொல்ல வெக்கமாத்தான் கிடக்கு, எனக்குக் கண் கலங்கிப் போச்சு. வெயில் எண்டு சொல்லிப்போட்டுத் தொப்பியை இழுத்து விட்டன்.

மத்தியானம் குளத்துக்குப் போனம். பாஸ் மீன் வேறை சாதி. பெரிய வாய், பிடிபட்டால் தண்ணியை விட்டுத் துள்ளும். எனக்கு ஒண்டும் அம்பிடேல்லை. அபிராவுக்கு அம்பிட்டுது. இருவத்தைஞ்சு வருசம் பிரெஞ்சிலை வளர்ந்த பிள்ளை, அது இழுத்த இழுவைக்கு "ஐயோ அம்மா" எண்டாள். நான் கேக்காதமாதிரி நிண்டன். கேட்டனெண்டு சொன்னால் பிறகு சொல்லமாட்டாள்.

7

பின்னேரம் வானிலை ஏற முதல் அலுவலைக் கேட்டன். "மடம், ஒரு அட்டெஸ்தாசியோன் வேணும்."

மனோனுக்கு விளங்கேல்லை. மீன் பிடிச்சதுக்குச் சான்றிதழ் கேட்ட முதல் ஆள் நான்தானாம். அபிராவுக்கு முகம் சிவந்து போச்சு. ஆனாலும் சொன்னாள். குடியுரிமை, லண்டன், கலியாணம், தாரை வார்க்கிறது, பட்டு வேட்டியோடை காத்திருக்கிற சித்தப்பா, எல்லாத்தையும் சொன்னாள். என்ரை மகள் என்ரை கவலையை இவ்வளவு ஒழுங்கா விளங்கி வைச்சிருக்கிறாள் எண்டு எனக்கு அப்பதான் தெரியும். நான் இவளுக்கு ஒண்டும் விளங்காது எண்டெல்லோ நினைச்சிருந்தன்.

மனோன் வானின்ரை முன்பக்கத்திலை பேப்பரை வைச்சு எழுதினா. மிசியே சிவா எண்டவர் காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் குளிர்தண்ணியிலை நிண்டார் எண்டும், ஒரு மரம், ஒரு தொப்பி, தன்ரை காது, ஒரு ட்ரௌட் ஆகியவற்றைப் பிடிச்சார் எண்டும், எல்லாத்தையும் நல்ல நிலையிலை விடுதலை செய்தார் எண்டும், மீனோடை மரியாதையா நடந்துகொண்டார் எண்டும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன். கீழை கையெழுத்து.

"முத்திரை?" எண்டன்.

அவவிட்டை முத்திரை இல்லை. முத்திரை இல்லாத பேப்பரை நான் வாங்கமாட்டன் எண்டு அடம்பிடிச்சன். பப்பா, போதும் எண்டாள் அபிரா. மனோன் எங்களை வானிலை ஏத்தினா. பிறகு ஸ்ரேஷனுக்குப் போற வழியிலை ஒரு கிராமத்துப் பாண்கடைக்கு முன்னாலை வானை நிப்பாட்டினா.

பாண்கடை அம்மா பேப்பரை முழுக்க வாசிச்சா. என்ரை காதை எட்டிப் பாத்தா. "இது முக்கியமான பத்திரம்" எண்டு சொல்லி, மா பட்ட கையைத் துடைச்சுப்போட்டு, கடை முத்திரையை மைப்பெட்டியிலை ரண்டு தரம் அமத்தி, அடியிலை ஒண்டு குத்தினா. வடிவான நீல முத்திரை. பாண், கேக், விசேஷ ஓடர்கள் ஏற்றுக்கொள்ளப்படும்.

வீட்டை வந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து இருக்கினம். வசந்தி ஐஸ் பெட்டியைத் திறந்து பாத்தாள். மஞ்சளும் உப்பும் கட்டினபடி கிடந்துது.

"மீன் எங்கை?"

"பிடிச்சன். விட்டிட்டன்."

"விட்டிட்டியளோ? எங்கை விட்டியள்?"

"ஆத்திலை."

வசந்தி பெட்டியை மூடினாள். "ஆத்திலை இருந்த மீனை ஆத்திலை விடுறதுக்கோ ரயில் ஏறிப் போனனீங்கள்?" எண்டு கேட்டுப்போட்டுக் குசினிக்குப் போய், கரைச்ச புளிக்கை முட்டையை அவிச்சுப் போட்டாள். அதுவும் நல்லாத்தான் இருந்துது.

8

திரும்ப விண்ணப்பிக்க, நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. இந்தமுறை வேறையொரு அம்மா. மூக்குக் கண்ணாடி, சிரிப்பே இல்லை. இருவது நிமிசம் சட்டம், சரித்திரம் எல்லாம் கேட்டா. பாடமாக்கினதைச் சொன்னன். ஆறுகள் கேட்டா. நான் நிண்ட ஆத்தின்ரை பேரைத்தான் முதல் சொன்னன், சேன் அதுக்குப் பிறகுதான் வாயிலை வந்தது. அவ நிமிந்து பாத்தா. அப்பிடியொரு ஆறு இருக்கிறது அவவுக்கே தெரியாது போலை.

"ஓய்வு நேரத்திலை?"

"மூஷ் மீன்பிடி, மடம்."

"நிறையப் பிடிப்பீங்களோ?"

"ஒண்டு. விட்டிட்டன்."

"விடுறதெண்டால் ஏன் போறீங்கள்?"

அந்துவான் ஐயா சொல்லித் தந்த பதில் ஒண்டு ஆயத்தமா வைச்சிருந்தன். இயற்கை, பிரெஞ்சுப் பண்பாடு, அது இது. அதை விட்டிட்டன். எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சிலை உண்மையைச் சொன்னன். "மடம், மீன்தான் வேணுமெண்டால் நான் வேலை செய்யிற கடையிலை கிடக்கு. அண்டைக்கு முழுநாளும் என்ரை மகள் என்னைப் பாத்துச் சிரிச்சாள். வீட்டிலை அவளுக்கு நேரமில்லை. எனக்கும் நேரமில்லை. ஆத்திலை நேரம் இருந்துது."

அவ பேனையைக் கீழை வைச்சா. வேறை ஏதும் சேர்க்க இருக்கோ எண்டு கேட்டா. நான் பிளாஸ்ரிக் உறையிலையிருந்து சான்றிதழை எடுத்து மேசையிலை வைச்சன்.

வாசிச்சா. மரம் எண்ட இடத்திலை முகத்திலை ஒண்டும் நடக்கேல்லை. தொப்பியிலை வாய் கொஞ்சம் துடிச்சுது. காதிலை என்ரை காதைப் பாத்தா. கடைசியிலை முத்திரைக்கு வந்து, கண்ணாடியைக் கழட்டி மேசையிலை வைச்சுப்போட்டு, முகத்தை ரண்டு கையாலையும் மூடிக்கொண்டா. தோள் குலுங்கிச்சுது. அழுறாவோ எண்டு பயந்து போனன். பிறகு எழும்பிப் போய் அதை போட்டோ கொப்பி எடுத்து என்ரை கோப்புக்குள்ளை வைச்சா. அந்தப் பாண்கடை முத்திரை இண்டைக்கும் அங்கைதான் இருக்கும்.

9

குடியுரிமைக் கடிதம் வந்து, பாஸ்போட் கையிலை கிடைக்கேக்கை ஆடி மாசம் பிறந்திட்டுது. கார்-து-நோர் வாசலிலை இந்தமுறை எனக்குக் கை காட்ட ஆருமில்லை. அந்துவான் ஐயா மட்டும் வந்து நிண்டார். "நான் சொன்னேன்ல," எண்டார். "முத்திரை." பாஸ்போட் பாக்கிற இங்கிலீஸ்காரன் என்ன அலுவலாப் போறீங்கள் எண்டு கேட்டான். மகளைக் குடுக்க எண்டன். அவன் இன்னொருக்கா என்னைப் பாத்துப்போட்டு விட்டிட்டான்.

லண்டன் மண்டபத்திலை ஆயிரம் லைற். குகன் பட்டு வேட்டியோடை மணவறைக்குக் கிட்டவே நிண்டான். "சும்மா, உதவிக்கு" எண்டான். நிரோஷன் வியர்த்துக்கொண்டு இருந்தான், பாவம். சாப்பாடு புரியாணி.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. வெத்திலை, பாக்கு, எலுமிச்சங்காய், காசு எல்லாத்தோடையும் அபிராவின்ரை கையை என்ரை கையிலை வைச்சுப் பிடிச்சன். வசந்தி செம்பாலை தண்ணி ஊத்தினாள். கை நனைஞ்சுது. குளிர்ந்து போச்சு. பிள்ளையின்ரை கை உள்ளங்கையிலை கிடந்து துடிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது. ஐயர் மந்திரத்தைச் சொல்லி முடிச்சு, "இனிக் குடுங்கோ" எண்டார். நிரோஷன் கையை நீட்டினான்.

நான் பிடிச்சபடி நிண்டன். விடுறதெண்டுதான் நினைக்கிறன். ஐயர் இன்னொருக்காச் சொன்னார். குகன் செருமினான். வசந்தி செம்பிலை இருந்த மிச்சத் தண்ணியையும் ஊத்திப் பாத்தாள். வீடியோக்காரன் கிட்ட வந்திட்டான்.

அபிரா குனிஞ்ச தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேக்கிறமாதிரிச் சொன்னாள்.

"பப்பா. லாஷ்."

சிரிச்சிட்டன். அவளும் சிரிச்சிட்டாள், வீடியோவிலை வடிவாத் தெரியும், ரண்டு பேரும் மணவறையிலை வெக்கமில்லாமல் சிரிச்சுக்கொண்டு நிக்கிறம். விரலைத் தளத்தினன். அவள் உடனை போகேல்லை. என்ரை கை திறந்து கிடக்கவும் கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்திட்டுத்தான் போனாள்.